பழைய கம்ப்யூட்டரை வீட்டு நெட்வொர்க்கில் சேர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரண்மேல் ஒரு பழைய டெஸ்க்டாப் கிடக்கிறது. இல்லையென்றால் 2011-க்குப் பிறகு தமிழ்நாட்டு அரசு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த இலவச லேப்டாப் ஒன்று, பேட்டரி செத்துப்போய் அலமாரியில் மூடிக் கிடக்கிறது. அதைத் தூசி தட்டி, ரவுட்டரோடு இணைத்து, போட்டோ, பாட்டு, கணக்கு ஃபைல் எல்லாவற்றையும் அதில் போட்டு, வீட்டில் எல்லாரும் எடுத்துக்கொள்ளும்படி செய்ய முடியுமா என்று கேட்கிறார்கள். சொந்தக்காரர்களுக்கும் தெருக்காரர்களுக்கும் இந்த வேலையைச் செய்து கொடுத்ததில், திரும்பத் திரும்ப என் காதில் விழுந்த கேள்விகள் இவை.

முதலில், இந்த வேலை தேவைதானா?

பழைய டிஸ்கில் இருக்கும் ஃபைல்களை ஒரே ஒரு முறை வெளியே எடுத்தால் போதும் என்றால் தேவையே இல்லை. ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, யுஎஸ்பி கன்வர்ட்டரில் மாட்டி, புதிய கம்ப்யூட்டரில் காப்பி செய்துகொள்ளுங்கள். அரை நாளில் முடிந்துவிடும். கன்வர்ட்டர் வாங்கும்போது உங்கள் டிஸ்க் எந்த வகை என்று பார்த்து வாங்குங்கள்: அகலமான ரிப்பன் கேபிள் என்றால் ஐடிஇ, ஒல்லியான கேபிள் என்றால் சாட்டா. டெஸ்க்டாப் டிஸ்குக்கு யுஎஸ்பியில் வரும் மின்சாரம் போதாது, தனி அடாப்டரோடு வரும் கன்வர்ட்டர் வேண்டும்.

தினமும் பலர் போட்டு எடுக்கும் பொதுக் கிடங்கு வேண்டும் என்பவர்கள் மட்டும் தொடர்ந்து படியுங்கள்.

என்னுடையது ரொம்பப் பழசு. தாங்குமா?

ஃபைல் கொடுத்து வாங்குவது லேசான வேலை. 2 ஜிபி ரேம் தாராளம், 1 ஜிபியிலும் ஓடும். வேகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் நெட்வொர்க் இணைப்புதான். 100 எம்பிபிஎஸ் லேன் கார்டு இருந்தால் நொடிக்குச் சுமார் 11 எம்பி போகும், 4 ஜிபி படம் ஒன்று ஆறு நிமிடத்தில் வந்துவிடும். கிகாபிட் கார்டு என்றால், டிஸ்க் ஈடுகொடுத்தால், ஒரு நிமிடத்துக்குள். அதையே 54 எம்பிபிஎஸ் என்று பெயர் போட்ட பழைய வைஃபை கார்டில் அனுப்பினால் அரை மணி நேரம் ஆகும். அட்டையில் போட்ட வேகத்தில் பாதிகூட நடைமுறையில் கிடைக்காது.

அதனால் கிடங்காகப் பயன்படும் சிஸ்டத்தை லேன் கேபிளில் ரவுட்டரோடு இணையுங்கள். மற்றவர்கள் வைஃபையில் வரட்டும். பழைய வைஃபை கார்டுகள் பலவற்றுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாது, டபிள்யூபிஏ3 என்ற புதிய பாதுகாப்பு முறை மட்டும் என்று வைத்த ரவுட்டரோடும் சேராது. கேபிள் போட்டால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை.

ஆன் செய்வதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

மூடியைத் திறங்கள். பல்லி முட்டை, கரப்பான், தூசி எல்லாம் இருக்கும். பெயின்ட் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். ரேமைக் கழற்றி, அதன் தங்க நிற முனைகளை அழிப்பானால் தேய்த்துத் திரும்பச் செருகுங்கள். ரிப்பேர் கடைக்காரர் முதலில் செய்வதும் இதைத்தான், "டிஸ்பிளே வரவில்லை" என்ற புகாரில் பாதி இதிலேயே தீர்ந்துவிடும். மதர்போர்டில் குட்டி உருளைகளாக நிற்கும் கெபாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். 2000-க்குப் பிறகான சில ஆண்டுகளில் வந்த போர்டுகளில் இது பரவலான கோளாறு. உப்பியிருந்தால் அந்த போர்டை நம்பி ஃபைல் வைக்காதீர்கள்.

அப்புறம் அந்தப் பட்டன் பேட்டரி, சிஆர்2032. சில பத்து ரூபாய்தான், யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். அது தீர்ந்துபோனால் ஒவ்வொரு முறையும் தேதி பல ஆண்டு பின்னால் போய் நிற்கும். தேதி தப்பாக இருந்தால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் சரியில்லை என்று பிரவுசர் மறுக்கும், அப்டேட்டும் இறங்காது. நெட்வொர்க் கோளாறு என்று நினைத்து ஒரு முழு மாலையைத் தொலைத்த பிறகு நான் கற்றுக்கொண்டது இது.

கடைசியாக, ஹார்ட் டிஸ்கின் உடல்நிலை. விண்டோஸ் இருந்தால் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் காட்டும். மஞ்சள் அல்லது சிவப்பு வந்தால் அந்த டிஸ்க் வேண்டாம்.

பழையதில் விண்டோஸ் எக்ஸ்பி இருக்கிறது. புதிய விண்டோஸிலிருந்து அதன் ஷேர் (பகிர்ந்து வைத்த ஃபோல்டர்) திறக்கவில்லை. ஏன்?

வந்த கேள்விகளில் பாதி இதுதான். கேபிள் சரி, ஐபி (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் உள்ள முகவரி எண்) சரி, ஆனாலும் 0x80070035 என்று பிழை எண் வருகிறது.

விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் ஃபைல் பகிர எஸ்எம்பி என்ற நெறிமுறையில் பேசிக்கொள்கின்றன. எக்ஸ்பிக்குத் தெரிந்தது அதன் முதல் பதிப்பு மட்டும். இரண்டாம் பதிப்பு விஸ்டாவோடு வந்தது, மூன்றாவது விண்டோஸ் 8-ஓடு வந்தது. முதல் பதிப்பு ஓட்டை நிறைந்தது என்பதால் மைக்ரோசாஃப்ட் அதைக் கழற்றத் தொடங்கியது. 2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவினால் எஸ்எம்பி1-இன் சர்வர் பகுதி வருவதில்லை. மற்றவர்களின் ஷேரைத் திறக்கும் கிளையன்ட் பகுதி இருந்தாலும், கம்ப்யூட்டர் ஆனில் இருந்த நேரக் கணக்கில் 15 நாள் யாரும் பயன்படுத்தாவிட்டால் தானாகவே கழன்றுகொள்ளும். "கொஞ்ச நாள் பழையதைத் தொடவில்லை, அதுவரை நன்றாக வேலை செய்தது" என்று சொன்னவர்களின் மர்மம் இதுதான்.

ஆக, எக்ஸ்பி கூப்பிடுகிறது, புதியது காதில் வாங்க மறுக்கிறது. உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை.

விண்டோஸ் அமைப்புகளில் எஸ்எம்பி1-ஐத் திரும்ப ஆன் செய்தால் வேலை செய்கிறதே?

செய்யும். யூடியூபில் பாதிப் பேர் சொல்லித் தருவதும் அதுதான். செய்யாதீர்கள்.

2017 மே 12 அன்று பரவிய வான்னாக்ரை நினைவிருக்கலாம். பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் உட்பட உலகெங்கும் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. அது ஒரு கம்ப்யூட்டரிலிருந்து அடுத்ததற்குத் தாவியது எஸ்எம்பி1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். யாரும் எந்த மெயிலையும் திறக்க வேண்டியதில்லை, ஒரே நெட்வொர்க்கில் இருந்தாலே போதும். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-லேயே முடிந்திருந்தும், நிலைமையின் தீவிரம் பார்த்து அதற்கும் மைக்ரோசாஃப்ட் விதிவிலக்காக ஒரு திருத்தம் வெளியிட்டது.

பழைய சிஸ்டத்தில் இருப்பது பழைய பாட்டும் போட்டோவும். புதியதில்தான் உங்கள் வங்கிக் கணக்கு, வருமான வரி, அலுவலக வேலை எல்லாம் இருக்கின்றன. பழையதற்காகப் புதியதன் தாழ்ப்பாளைத் தளர்த்துவது, திண்ணையில் தூங்குபவருக்குக் காற்று வரட்டும் என்று பீரோவைத் திறந்து வைப்பது மாதிரி. மாற்ற வேண்டியது பழையதை.

சரி, பழையதில் என்ன போடுவது?

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு, அதில் சாம்பா என்ற மென்பொருளை நிறுவுங்கள். விண்டோஸ் பேசும் எஸ்எம்பியை லினக்ஸும் பேச வைப்பது இதன் வேலை. ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் 1992-ல் தொடங்கியது. பெயருக்கும் பிரேசில் நடனத்துக்கும் சம்பந்தமில்லை. எஸ், எம், பி மூன்று எழுத்தும் அதே வரிசையில் வரும் சொல் எது என்று அகராதிக் கோப்பில் தேடிப் பிடித்த பெயர். இன்றைய சாம்பா எஸ்எம்பி3 பேசும். 2019-ல் வந்த 4.11 பதிப்பிலிருந்து அதுவும் எஸ்எம்பி1-ஐ இயல்பாக மூடியே வைத்திருக்கிறது.

லினக்ஸில் எது என்று கேட்டால், ப்ராசஸர் 64 பிட்டா என்று முதலில் பாருங்கள். கோர் 2 டுவோ என்றால் 64 பிட்தான். லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் போதும். கட்டளை எழுதப் பயம் என்றால் டெபியனை அடிப்படையாகக் கொண்ட ஓப்பன்மீடியாவால்ட் நல்லது. நிறுவிய பிறகு எல்லாவற்றையும் வேறு கம்ப்யூட்டரின் பிரவுசரிலிருந்தே அமைக்கலாம். ஒரு எச்சரிக்கை: அது நிறுவப்படும் டிஸ்கை முழுதாகத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும், ஃபைல்களுக்கு இரண்டாவது டிஸ்க் வேண்டும். 32 பிட் மட்டுமே தெரிந்த சிஸ்டம் என்றால் வாய்ப்பு சுருங்குகிறது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-க்கு 32 பிட் நிறுவல் கிடையாது, 2023-ன் டெபியன் 12-க்கு உண்டு. ஆன்டிஎக்ஸ் என்ற லேசான லினக்ஸின் 32 பிட் பதிப்பும் ஓடும்.

நிறுவும்போது பழைய டிஸ்க் அழியும். உள்ளே இருப்பதை முதலில் வெளியே எடுத்து வையுங்கள். சொல்ல வேண்டியதில்லைதான், ஆனால் சொல்லாமல் விட்டு ஒருமுறை திட்டு வாங்கியிருக்கிறேன்.

விண்டோஸ் 7 இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாமா?

எஸ்எம்பி2 தெரியும் என்பதால் புதிய விண்டோஸோடு பேசும். ஆனால் ஆதரவு 2020 ஜனவரி 14-ல் முடிந்தது. அந்தக் காலத்து ஹோம்குரூப் வசதியும் விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலிருந்து இல்லை, சாதாரண ஃபோல்டர் ஷேரிங்தான் வழி. இணையம் போகாமல், கிடங்காக மட்டும் கொஞ்ச காலம் ஓட்டலாம். இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டே கொடுத்தார்கள். லினக்ஸ் ஓடும் என்பதற்கு அதுவே அத்தாட்சி, புதிய பதிப்பு ஒன்றைத் தைரியமாகப் போடுங்கள்.

டிடிபி வேலை செய்கிறோம். பேஜ்மேக்கரும் பழைய தமிழ் ஃபான்ட்டும் எக்ஸ்பியில்தான் ஓடுகின்றன. அதை அழிக்க முடியாது. என்ன செய்வது?

அழிக்காதீர்கள். கல்யாணப் பத்திரிகை மாதிரிகள் இருபது வருடமாக அதில் இருக்கும், தெரியும்.

எளிய வழி பென் டிரைவ். கேவலமாகத் தோன்றினாலும் ஒரு நாளைக்கு நாலு ஃபைல் மாற்ற அதுவே போதும். தினமும் நாற்பது ஃபைல் போகிறது என்றால், நடுவில் ஒரு லினக்ஸ் பெட்டி வையுங்கள். அதன் சாம்பாவில் மட்டும் பழைய எஸ்எம்பி1-ஐ அனுமதியுங்கள். எக்ஸ்பி அதோடு பழைய மொழியில் பேசும், புதிய கம்ப்யூட்டர்கள் அதே பெட்டியோடு புதிய மொழியில் பேசும், இரண்டும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளத் தேவையில்லை. ஓட்டை இருந்தாலும் அது நடுப்பெட்டியோடு நிற்கும். அதில் வேறு எதையும் வைக்காதீர்கள்.

எக்ஸ்பிக்கு இணையம் கண்டிப்பாகப் போகக் கூடாது. ஐபி எண்ணைக் கையால் கொடுத்து, டிஃபால்ட் கேட்வே என்ற கட்டத்தைக் காலியாக விடுங்கள். வீட்டுக்குள் பேசும், வெளியே போக வழி தெரியாது.

இன்னொன்று: ஃபைலோடு ஃபான்ட் ஃபோல்டரையும் காப்பி செய்யுங்கள். பாமினி, வானவில் மாதிரி பழைய ஃபான்ட்டில் அடித்தது, அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கலந்து தெரியும். ஃபைல் கெட்டுவிட்டது என்று பதறி நெட்வொர்க்கைக் குறை சொல்வார்கள். ஃபைல் நன்றாகத்தான் இருக்கிறது.

எல்லாம் போட்டாயிற்று. ஆனால் ஒன்றை ஒன்று பார்க்கவில்லையே?

நெட்வொர்க் என்ற ஃபோல்டரில் பெயர் தெரியவில்லை என்பதும், இணைக்க முடியவில்லை என்பதும் வேறு வேறு. பெயர்ப் பட்டியலை நம்பாதீர்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் நேராக \\192.168.1.20 என்பது போல, பழைய சிஸ்டத்தின் ஐபியை அடித்துப் பாருங்கள். திறந்தால் கதை முடிந்தது.

திறக்கவில்லையா? இரண்டு கம்ப்யூட்டரின் ஐபியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஒன்று 192.168.1 என்றும் மற்றது 192.168.0 என்றும் தொடங்கினால், உங்கள் வீட்டில் இரண்டு ரவுட்டர் இருக்கிறது. நம் ஊரில் இது சகஜம். ஃபைபர்காரர் மாட்டிவிட்டுப் போன பெட்டியும் ஒரு ரவுட்டர்தான். சிக்னல் போதவில்லை என்று மாடிக்கு நாமே வாங்கி மாட்டியது இன்னொன்று. கீழே இருப்பது ஒரு தெரு, மேலே இருப்பது வேறு தெரு, நடுவில் சுவர். இரண்டாவது ரவுட்டரை, சிக்னலை மட்டும் நீட்டிக் கொடுக்கும் ஆக்சஸ் பாயின்ட் நிலைக்கு மாற்றுங்கள். அந்த வசதி இல்லாத மாடலா? அதன் சொந்த ஐபியை முதல் ரவுட்டரின் வரிசையில் காலியாக இருக்கும் ஒரு எண்ணுக்கு மாற்றுங்கள், ஐபி எண்களைத் தானாகக் கொடுக்கும் டிஎச்சிபியை அணையுங்கள், கேபிளை வான் (WAN) என்று எழுதிய துளையிலிருந்து எடுத்து லேன் (LAN) துளையில் செருகுங்கள். இதே முடிச்சை நான் அவிழ்த்த வீடுகள் பல.

ஐபி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து எண்ணே வரவில்லை. கேபிள், அல்லது அதன் முனையில் உடைந்த கிளிப். கெஸ்ட் வைஃபையில் இருந்தால் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாதபடி ரவுட்டரே தடுக்கும். விண்டோஸில் அந்த நெட்வொர்க் பப்ளிக் என்று பதிவாகியிருந்தால் பிரைவேட் என்று மாற்ற வேண்டும்.

பாஸ்வேர்டு கேட்கிறது. சரியானதைக் கொடுத்தும் ஏற்கவில்லை.

தினமும் கம்ப்யூட்டரைத் திறக்க அடிக்கும் நான்கு இலக்க பின் எண்ணைக் கொடுக்கிறீர்களா? அது அந்தக் கம்ப்யூட்டருக்குள் மட்டும் செல்லும், நெட்வொர்க்கில் செல்லாது. கணக்கின் உண்மையான பாஸ்வேர்டு வேண்டும். பாஸ்வேர்டே வைக்காத கணக்கையும் நெட்வொர்க் வழியாக விண்டோஸ் உள்ளே விடாது. சாம்பாவில் இன்னொரு குழி உண்டு: லினக்ஸில் நுழையும் பாஸ்வேர்டு வேறு, சாம்பாவின் பாஸ்வேர்டு வேறு. சாம்பாவுக்கென்று தனியாகப் பதிய வேண்டும்.

"பாஸ்வேர்டே வேண்டாம், எல்லாருக்கும் திறந்து விடுகிறேன்" என்றால், விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு, குறிப்பாகப் புரோ, அப்படிப்பட்ட ஷேரைத் திறக்க மறுக்கும். வீட்டுக்கு என்று ஒரு பெயரும் பாஸ்வேர்டும் வைத்துவிடுங்கள், ஒருமுறை கொடுத்தால் விண்டோஸ் நினைவில் வைத்துக்கொள்ளும்.

நேற்று வேலை செய்தது, இன்று காணோம்.

கரண்ட் போய் வந்ததில் ரவுட்டர் வேறு ஐபி கொடுத்திருக்கும். ரவுட்டர் அமைப்பில் டிஎச்சிபி ரிசர்வேஷன் என்ற இடத்தில் பழைய சிஸ்டத்தின் மேக் எண்ணை (நெட்வொர்க் கார்டுக்கே உரிய நிலையான எண்) போட்டு, ஒரே ஐபி கிடைக்கும்படி செய்யுங்கள்.

பெரிய படம் ஏற்றினால் 4 ஜிபியில் நின்றுவிடுகிறது.

அந்த டிஸ்க் ஃபேட்32 முறையில் இருக்கிறது. அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. உள்ளே இருப்பதை எடுத்து வைத்துவிட்டு, லினக்ஸ் என்றால் எக்ஸ்ட்4, விண்டோஸ் என்றால் என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றுங்கள்.

இரவும் பகலும் ஓடினால் கரண்ட் பில்?

கணக்குப் போடுவோம். பழைய பென்டியம் 4 டெஸ்க்டாப், மானிட்டர் இல்லாமல், சும்மா இருக்கும்போதே 80 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 1.92 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில். அறுபது நாளில் 115 யூனிட். அரசு இலவசமாகத் தரும் 100 யூனிட்டை இந்த ஒரு பெட்டியே விழுங்கிவிட்டு மேலும் கேட்கும். வீட்டில் ஏசியும் ஓடி 500 யூனிட்டைத் தாண்டும் நிலையில் இருந்தால், கட்டணப் படியே மாறிவிடும்.

அதே வேலைக்கு 20 வாட் லேப்டாப் என்றால் இரண்டு மாதத்துக்கு 29 யூனிட்டுக்குள். அதனால்தான் எது இருக்கிறது என்று கேட்டால் லேப்டாப்பை எடு என்கிறேன். டெஸ்க்டாப்தான் இருக்கிறது என்றால் தேவைப்படும்போது மட்டும் ஆன் செய்யுங்கள்.

கரண்ட் போனால்?

பேட்டரி உயிரோடு இருக்கும் லேப்டாப்புக்குக் கவலையில்லை. டெஸ்க்டாப்பை, ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருந்தால் அந்த லைனில் மாட்டுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது திடீரென்று நின்றால் பழைய டிஸ்குகள் அதில்தான் சாகின்றன. பேட்டரி உப்பி, டச்பேட் மேலே தூக்கியிருக்கும் லேப்டாப்பில் மட்டும் பேட்டரியைக் கழற்றிவிட்டு அடாப்டரில் ஓட்டுங்கள், அது தீப்பிடிக்கும் பொருள்.

போனிலும் டிவியிலும் பார்க்கலாமா?

போனில் விஎல்சி போட்டால் சாம்பா ஷேரை நேராகத் திறக்கும். ஆண்ட்ராய்டு டிவியிலும் அதே விஎல்சிதான்.

பையன் சிங்கப்பூரில் இருக்கிறான். அவனும் அங்கிருந்து பார்க்க வேண்டும்.

எஸ்எம்பி வந்துபோகும் வாசலான 445 என்ற போர்ட்டை ரவுட்டரில் வெளியுலகுக்குத் திறந்து விடாதீர்கள். வான்னாக்ரை தேடி அலைந்தது அதைத்தான். டெயில்ஸ்கேல் மாதிரி ஒரு விபிஎன்-ஐ (இணையத்துக்குள்ளேயே பூட்டிய தனிப் பாதை) இரண்டு பக்கமும் போடுங்கள். நம் ஃபைபர் இணைப்புகள் பலவற்றில் வீட்டுக்கென்று தனிப் பொது ஐபி இல்லாததால், போர்ட் திறந்தாலும் வேலை செய்யாது, இது வேலை செய்யும்.

இனி போட்டோவுக்கெல்லாம் பேக்கப் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்கலாம்தானே?

அப்படித்தான் நானும் இருந்தேன். போனில் இடமில்லை என்று பத்து வருடப் போட்டோவைப் பழைய டெஸ்க்டாப்புக்கு மாற்றிவிட்டு, போனிலிருந்து அழித்தேன். ஏழு மாதத்தில் ஒரு காலை டிஸ்க் "டக் டக்" என்றது, அவ்வளவுதான். பாதிப் படங்களைச் சித்தி, மாமா வீட்டு வாட்ஸ்அப்பிலிருந்து மங்கலாக மீட்டேன். என் மகள் முதன்முதலில் நடந்த வீடியோ யாரிடமும் இல்லை.

வேறு இடத்திலிருந்து நகர்த்தி வைத்தது பேக்கப் ஆகாது. அசல் இருந்த இடத்திலேயே இருக்க, இது இரண்டாவது நகலாக இருந்தால்தான் பேக்கப். மாதம் ஒருமுறை வெளி ஹார்ட் டிஸ்கில் மூன்றாவது நகல் எடுத்து, அதைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். வைரஸ் வந்தால், மாட்டியிருக்கும் எல்லாவற்றையும் அது தொடும்.

மானிட்டர், கீபோர்டு எல்லாம் மாட்டியே வைக்க வேண்டுமா?

நிறுவும்போது மட்டும். பிறகு கேபிளும் கரண்டும் போதும், பரண்மேலேயே திரும்ப வைக்கலாம், காற்றோட்டம் இருந்தால். ஆன் ஆனதும் முதலில் ஓடும் பயாஸ் என்ற பகுதியில் இரண்டு அமைப்பை மட்டும் பார்த்துவிடுங்கள். கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகும்படி ஒன்று. பிழை இருந்தாலும் நிற்காமல் போ என்பது மற்றொன்று. இரண்டாவதை மறந்தால், கீபோர்டு இல்லை, தொடர எஃப்1 விசையை அழுத்து என்று யாரும் பார்க்காத திரையில் எழுதிவிட்டு, பரண்மேல் அது பாட்டுக்குக் காத்துக்கொண்டிருக்கும்.